23ஆம் பாடத்தில் உள்ள பிழை பற்றிய முறைப்பாடு

கொக்கட்டிச்சோலை,
மட்டக்களப்பு.

வாடிக்கையாளர் சேவைப் பொறுப்பாளருக்கு,

ஐயா / அம்மணி,

சி பிளஸ் பிளஸ் என்ற கணினி மொழியில் புரோகிராம் எழுதச் சொல்லித்தரும் உங்கள் தமிழ்வழிப் பாடநெறியை 12,500 ரூபாய் கட்டி வாங்கினேன். தமிழில் இவ்வளவு பொறுமையாக யாரும் சொல்லித் தந்ததில்லை என்று கூட்டாளிகள் மூன்று பேரையும் சேர்த்துவிட்டேன். அதனால்தான் இதை எழுத மனம் கூடுதலாக வருந்துகிறது.

23ஆம் பாடம் விர்ச்சுவல் இன்ஹெரிட்டன்ஸ் பற்றியது. ஒரு தாய் கிளாஸ் (கிளாஸ் என்பது புரோகிராமில் ஒரு வகைப் பொருளுக்கான வார்ப்பு, தாயிடம் உள்ளதைப் பிள்ளை கிளாஸ் பெற்றுக்கொள்ளும்), அதற்கு இரண்டு பிள்ளைகள், அந்த இரண்டுக்கும் பொதுவாக ஒரு பேரப்பிள்ளை. விர்ச்சுவல் என்று போட்டால், பேரப்பிள்ளைக்குள் தாய் இரண்டு முறை உருவாகாமல் ஒருமுறைதான் உருவாகும் என்கிறீர்கள். சரி. ஆனால் முதலில் எழுதிய பிள்ளையே தாயின் கன்ஸ்ட்ரக்டரை (பொருளை உருவாக்கும்போது ஓடும் பகுதியை) அழைத்துவிடும், பேரப்பிள்ளை ஒன்றும் செய்யத் தேவையில்லை என்று அடுத்து வருகிறதே, அது முழுப் பிழை.

அதை நம்பித்தான் மாமாவுக்கு பில் போடும் புரோகிராம் எழுதினேன். படுவான்கரை வயல்களுக்கு நாலு மெசின் வாடகைக்கு விடுகிறவர் அவர் (உழவு இயந்திரத்தை இங்கே மெசின் என்றுதான் சொல்வோம்). 'இயந்திரம்' என்ற தாயிடம் மெசின் இலக்கம். 'வாடகை', 'உழவு' இரண்டும் பிள்ளைகள். 'வாடகை உழவு' பேரப்பிள்ளை. இரண்டு பிள்ளைகளும் இலக்கத்தைத் தாய்க்குச் சரியாகவே அனுப்பின. இலக்கம் கொடுக்காவிட்டால் 0 என்று வைக்கும் கன்ஸ்ட்ரக்டர் ஒன்றும் தாயிடம் இருந்தது.

புரட்டாதியில் பெரும்போக உழவு தொடங்கியதும் எல்லா பில்லிலும் 'மெசின் இல. 0' என்று வந்தது. எந்த மெசின் எந்த வயலில் எத்தனை மணித்தியாலம் ஓடியது என்று பிரிக்க வழியில்லை. டிரைவர்மாருக்குக் கூலி கணக்குப் பார்க்க முடியாமல் மாமா மூன்று நாள் பழைய கொப்பியைத் தேடி எடுத்து எழுதினார். என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தாலும் பரவாயில்லை என்றிருந்தது.

ஒவ்வொரு கன்ஸ்ட்ரக்டரிலும் ஒரு வரி அச்சிட வைத்துப் பார்த்தேன். முதலில் வந்தது 'இயந்திரம், 0'. அப்புறம்தான் 'வாடகை', 'உழவு' இரண்டும். விர்ச்சுவல் தாயை உருவாக்கும் பொறுப்பு கடைசியில் நிற்கும் கிளாஸுக்கே உரியது. அது மற்ற எல்லோருக்கும் முன்னால் தாயை உருவாக்கிவிடும். பிள்ளைகள் தாய்க்கு அனுப்பும் இலக்கம் அந்த நேரம் கணக்கிலேயே எடுக்கப்படாது. பேரப்பிள்ளை தாயின் பெயரைச் சொல்லாவிட்டால், ஒன்றும் கேட்காத கன்ஸ்ட்ரக்டர்தான் ஓடும். ஆனால் 'வாடகை'யை மட்டும் தனியே உருவாக்கினால் அதுவே கடைசி கிளாஸ் என்பதால் இலக்கம் சரியாக வரும். உழவுக்கு உதவாத நீர்ப்பம்பியை வைத்து நான் அப்படித்தான் சோதித்தேன், அதனால்தான் பிழை கண்ணில் படவில்லை. பேரப்பிள்ளையின் கன்ஸ்ட்ரக்டரில் 'இயந்திரம்(இலக்கம்)' என்று சேர்த்ததும் எல்லாம் சரியாயிற்று.

உங்கள் உதாரணத்தில் தாய்க்கு எந்தப் பெறுமானமும் போகவில்லை. ஒரு வசனத்தை மட்டும் அச்சிடுகிறது. யார் அழைத்தாலும் திரையில் ஒன்றுதான் தெரியும். பிழை அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

இதை இரண்டு முறை எழுதி அனுப்பினேன். கம்பைலர் (புரோகிராமைக் கணினிக்கு மொழிபெயர்க்கும் மென்பொருள்) பழையது, புதியதைப் போடுங்கள் என்று பதில் வந்தது. 1998இல் வந்த முதல் சி பிளஸ் பிளஸ் நியமத்திலேயே இந்த விதி இருக்கிறது. கம்பைலரில் எந்தக் குறையும் இல்லை. அதைவிடக் கவலை, பாட முடிவில் உள்ள வினாவுக்குச் சரியான விடையைக் கொடுத்தால் சிவப்புப் புள்ளடி விழுகிறது. கூட்டாளி ஒருவன் சரியாக விளங்கிக்கொண்டும், அந்தப் புள்ளடியைப் பார்த்துத் தன் விடையை மாற்றிவிட்டான்.

வீடியோவைத் திருத்துங்கள். வினாவின் விடையையும் மாற்றுங்கள். தாய்க்கு ஒரு இலக்கம் போகும் உதாரணமாக வையுங்கள், ஒன்றும் கேட்காத கன்ஸ்ட்ரக்டரை எடுத்துவிட்டும் காட்டுங்கள். அப்போது பேரப்பிள்ளை தாயை மறந்தால் கம்பைலரே பிழை சொல்லி நிறுத்திவிடும். எல்லாவற்றையும் விட, ஏற்கெனவே இந்தப் பாடத்தைப் பார்த்து முடித்த ஒவ்வொருவருக்கும் பிழை என்ன என்று எழுதி அனுப்புங்கள். என் பணத்தை நான் திருப்பிக் கேட்கவில்லை.

14 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். வராவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு இந்தக் கடிதத்தின் பிரதியை அனுப்புவேன். என் புரோகிராமும் அது அச்சிட்ட வரிகளும் பிழையான பில் ஒன்றும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன.

இப்படிக்கு,
உங்கள் பாடநெறி மாணவன்