கெர்பெர்காவின் பெயர் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஞாயிறு இணைப்பிதழில் ஜெலோன் வில்லியமின் வம்சத்தைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். பேரரசர் சார்லமேன் காலத்துப் பிராங்கியப் பிரபு ஒருவரின் குடும்பத்துக்கு அரைப் பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள், சந்தோஷமாக இருந்தது. ஆனால் கூடவே போட்டிருந்த வம்சாவளிப் படத்தைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை. தியோடெரிக், அவர் மகன் வில்லியம், அவர் மகன் பெர்னார்ட், அப்புறம் பெர்னார்டின் இரண்டு பிள்ளைகள். நாலு தலைமுறையில் ஒரு பெண்ணின் பெயர்கூட இல்லை.

அந்தக் காலத்துப் பெண்களின் பெயர் யாருக்குத் தெரியும் என்று நினைத்திருக்கலாம். இந்தக் குடும்பத்துக்கு அது பொருந்தாது. 804-ல் தென் பிரான்சிலுள்ள ஜெலோன் மடத்துக்கு நிலம் எழுதிவைத்த சாசனத்தில் வில்லியமே தன் தாய் அல்தானாவையும், விட்புர்கா, குனெகுண்டா என்ற தன் மனைவியர் இருவரையும் பெயர் சொல்லி எழுதியிருக்கிறார்.

இன்னொரு ஆவணம் இதைவிட முக்கியமானது. அதை எழுதியவர் பெர்னார்டின் மனைவி துவோடா. 824-ல் ஆகன் அரண்மனையில் அவர்களுக்குக் கல்யாணம். 841-ல், பதினான்கு வயது மூத்த மகன் வில்லியமைப் பெர்னார்ட் அரசர் வழுக்கைச் சார்லஸிடம் பிணைபோல அனுப்பிவிட்டார். அதே ஆண்டு மார்ச்சில் பிறந்த இளையவனையும் ஞானஸ்நானத்துக்கு முன்பே தன்னிடம் வரவழைத்துக்கொண்டார். உசெஸ் நகரில் தனியாக இருந்த துவோடா, கைக்குழந்தைக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்றுகூடத் தெரியாமல், மூத்தவனுக்காக லத்தீனில் ஒரு கையேடு எழுதினார். 841 நவம்பர் 30-ல் தொடங்கி 843 பிப்ரவரி 2-ல் முடித்தார். என் பெரியவன் விடுதிக்குப் போன வருஷம்தான் நான் அதைப் பிரெஞ்சு மொழிபெயர்ப்பில், அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். பல இடங்களில் மேலே படிக்க முடியாமல் மூடிவைத்தேன்.

நூலின் கடைசிப் பகுதியில், மகன் யார் யாருக்காக ஜெபிக்க வேண்டும் என்று இறந்தவர்களின் பட்டியல் ஒன்று வருகிறது. எல்லாரும் தகப்பன் வழி உறவினர். உன் அப்பாவுக்குச் சொத்து விட்டுப்போனவர்களுக்காக ஜெபம் செய் என்று வேறோர் இடத்தில் சொல்லியிருக்கிறார். பட்டியலில் எட்டுப் பெயர்கள்: வில்லியம், குனெகுண்டா, கெர்பெர்கா, விட்புர்கா, தியோடெரிக், கோட்செல்ம், குவார்னர், ரோட்லிண்டா. எண்ணிப் பாருங்கள், நாலு பேர் பெண்கள். (இதிலுள்ள தியோடெரிக், வில்லியமின் தகப்பனார் அல்ல. துவோடாவின் மூத்த மகனுக்கு ஞானத்தகப்பனாக நின்ற பெரியவர் என்பதே பொருந்தும். தாத்தா பெயரே பேரனுக்கும் வந்துகொண்டிருந்த குடும்பம் அது. படம் போடும்போது ஒருவரை இன்னொருவராக எடுத்துக்கொள்வது எளிது.)

கெர்பெர்கா பெர்னார்டின் சகோதரி, கன்னியாஸ்திரீ. 834-ல் ஷலோன் நகரைப் பிடித்த லோத்தர் (வழுக்கைச் சார்லஸின் அண்ணன்), அவரைச் சூனியக்காரி என்று சொல்லி, திராட்சை மது ஊற்றிவைக்கும் பீப்பாயில் அடைத்து சோன் ஆற்றில் மூழ்கடித்தான். அங்கேயே அவருடைய சகோதரர் கோட்செல்மின் தலையும் வெட்டப்பட்டது. பட்டியலில் துவோடா இதையெல்லாம் எழுதவில்லை. பெயரை மட்டும் எழுதி ஜெபிக்கச் சொல்கிறார். தான் இறந்த பிறகு தன் பெயரையும் அதில் சேர்த்துவிடும்படி மகனைக் கேட்டுக்கொள்கிறார்.

அந்த மகனால் அதைச் செய்ய முடிந்திருக்குமா என்று யோசித்தாலே நெஞ்சு அடைக்கிறது. 844-ல் பெர்னார்டுக்கு மரண தண்டனை. 850-ல், இருபத்துநாலு வயது நிரம்பும் முன்பே, வில்லியமும் கொல்லப்பட்டார்.

கட்டுரையின் அடுத்த பகுதி வரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். அதில் படத்தைத் திருத்திப் போடுங்கள் ஐயா. தியோடெரிக்குக்குப் பக்கத்தில் அல்தானா, வில்லியமுக்கு இருபுறமும் அவர் மனைவியர், பெர்னார்டுக்கு அருகில் கெர்பெர்கா. இரண்டு பிள்ளைகளுக்கு மேலே இருக்கும் கோட்டினைப் பெர்னார்டோடு நிறுத்தாமல் துவோடாவுக்கும் இழுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி