சோப்பைத் தூக்கச் சொல்லும் ஆர்க்கிடெக்ட்களுக்கு

அன்புள்ள மென்பொருள் ஆர்க்கிடெக்ட் நண்பர்களே,

வணக்கம். வங்கி, காப்பீடு பக்கத்துக்குச் சேவைகள் எழுதிக் கொடுக்கும் நிரலாளர்களில் நானும் ஒருவன். மென்பொருள்கள் இணையம் வழியாக ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் முறைகளில் சோப் (SOAP) ஒன்று, ரெஸ்ட் (REST) இன்னொன்று. "சோப் பழசு, எல்லாவற்றையும் ரெஸ்ட்டுக்கு மாற்றுங்கள்" என்று நீங்கள் கூட்டத்தில் முடிவெடுத்து அனுப்புகிறீர்கள். ஏன் என்று கேட்டால், இப்போது எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள் என்பதைத் தாண்டி எங்களுக்குப் பதில் வருவதில்லை.

நான் சோப்புக்கு வக்காலத்து வாங்க வரவில்லை. ஒரு வாடிக்கையாளரின் பெயரைக் கேட்பதற்குக்கூட உறைக்குள் உறை போட்டு எக்ஸ்எம்எல் (குறிச்சொற்களால் எழுதும் தரவு வடிவம்) அனுப்ப வேண்டும், எல்லாமே ஒரே முகவரிக்கு போஸ்ட்டாக, அதாவது தரவை அனுப்பும் கோரிக்கையாகப் போவதால், பதில்களை நடுவில் சேமித்து வைக்கும் கேச்சால் ஒரு பயனும் இல்லை. உலகத்துச் சேவைகளை எல்லாம் ஒரே பதிவேட்டில் தேடி எடுக்கலாம் என்று ஐபிஎம், மைக்ரோசாஃப்ட், எஸ்ஏபி சேர்ந்து நடத்திய யூடிடிஐ பொதுப் பதிவேட்டை 2006 ஜனவரியில் மூடிவிட்டார்கள். அதெல்லாம் சரி.

ஆனால் சோப்போடு டபிள்யூஎஸ்டிஎல் என்று ஒரு கோப்பு வந்தது, எந்தப் புலம் சரம் (எழுத்துத் தொடர்), எது எண், எது கட்டாயம் என்று அதில் எழுதியிருக்கும். நான் வேலை செய்த ஒரு மாற்றத்தில் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஜேசன் (JSON) என்ற தரவு வடிவத்தில் ஒரு மாதிரியை மட்டும் மின்னஞ்சலில் அனுப்பினார்கள். பழைய சேவையில் சரமாக இருந்த 18 இலக்கப் பரிவர்த்தனை எண் புதியதில் எண்ணாகப் போனது. உலாவியில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் சாதாரண எண் வகை 9007199254740991-ஐத் தாண்டிய முழு எண்களைத் துல்லியமாக வைத்துக்கொள்ளாது. சர்வர் லாகில் சரியாக இருந்த எண், திரையில் கடைசி இலக்கங்கள் மாறி வந்தது, யாருடைய தவறு என்று இரண்டு அணிகள் இரண்டு நாள் சண்டை போட்டோம். இது புதுச் சிக்கலும் இல்லை, ட்விட்டர் 2010இலேயே இதற்காகத்தான் ஐடியைச் சரமாகவும் சேர்த்து அனுப்பத் தொடங்கியது. ரெஸ்ட்டிலும் புல விவரங்களைச் சொல்லும் ஓபன்ஏபிஐ கோப்பு எழுதி இதைத் தவிர்க்கலாம். சோப்பில் பெரும்பாலும் டபிள்யூஎஸ்டிஎல் எழுதாமல் நகர முடியாது, ரெஸ்ட்டில் அப்படி எதுவும் எழுதாமலே நகர்ந்துவிடலாம், அதனால்தான் அவசரத்தில் விட்டுவிடுகிறோம்.

ராய் ஃபீல்டிங் 2000இல் தன் ஆய்வேட்டில் ரெஸ்ட் என்று சொன்னதும், நாம் இன்று அந்தப் பெயரில் செய்வதும் ஒன்றல்ல என்று அவரே 2008இல் கோபமாக எழுதிவிட்டார். அந்த வாதத்துக்குள் நான் போகவில்லை. ரெஸ்ட் பயன்படுத்தும் இணைய நெறிமுறையான எச்டிடிபி தரும் வசதியையாவது நாம் பயன்படுத்துகிறோமா? தகவலைப் படிக்கும் கெட் கோரிக்கையின் பதிலைக் கேச் செய்யலாம், தகவலின் பதிப்பு அடையாளமான ஈடேக் வைத்து "மாறவில்லை" என்று 304 குறியீட்டை மட்டும் திருப்பி அனுப்பலாம், விலைப்பட்டியல் மாதிரி அடிக்கடி படித்து அரிதாக மாறும் தகவலுக்கு இது அருமையாக உழைக்கும். பணம் அனுப்பும் போஸ்ட் பாதியில் டைம்அவுட் ஆனால்? போனதா, போகவில்லையா, மறுபடி அனுப்பலாமா? அதற்கு ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனி அடையாள எண் கொடுத்து, அதே எண் மறுபடி வந்தால் பழைய பதிலையே தரும்படி நாம்தான் கட்ட வேண்டும். அப்புறம், இணைப்பை மறையாக்கும் டிஎல்எஸ் வழியை மட்டுமே காக்கும், செய்தி நாலு கை மாறிப் போனால் செய்தியிலேயே கையொப்பம் இருக்க வேண்டும். சோப் உலகில் டபிள்யூஎஸ்-செக்யூரிட்டி அதைத்தான் செய்தது. 2016இல் வந்த யூபிஐகூடக் கையொப்பமிட்ட எக்ஸ்எம்எல் செய்திகளை வைத்துத்தான் இயங்குகிறது.

இப்போது கிராஃப்கியூஎல்லுக்கு மாறலாம் என்று பேச்சு வருகிறது. ஃபேஸ்புக் 2012இல் தன் கைபேசிச் செயலிக்காக உருவாக்கிய வினவல் மொழி அது, ஒரு திரைக்கு வேண்டியதை ஒரே கோரிக்கையில் கேட்க நல்லது. ஆனால் எச்டிடிபி கேச் எளிதில் கைக்கு வராது, பிழை நடந்தும் பெரும்பாலும் "எல்லாம் சரி" என்ற 200 குறியீடுதான் வரும், ஆழமாக அடுக்கிக் கேட்டால் தரவுத்தளம் திணறும். இன்னொரு முறையான ஜிஆர்பிசி நம் சர்வர்களுக்குள் பேசிக்கொள்ள வேகமானது, உலாவியிலிருந்து நேரடியாக அழைக்க முடியாது, பெரும்பாலும் நடுவில் மாற்றிக் கொடுக்கும் ப்ராக்ஸி வேண்டும்.

எனவே அடுத்த கூட்டத்துக்கு எங்களில் ஒருவரையாவது கூப்பிடுங்கள். இந்தச் சேவையை அழைக்கப்போவது யார், அழைப்பு பாதியில் அறுந்தால் என்ன செய்வது என்பதை முதலில் பேசுவோம். மாற்றத்தான் வேண்டும் என்று முடிவானால், பழைய டபிள்யூஎஸ்டிஎல்லில் இருக்கும் ஒவ்வொரு புலமும் புதிய ஓபன்ஏபிஐ கோப்பில் எந்த வகையில் வருகிறது என்று ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு வாரம் கொடுங்கள். அதன் பிறகு நிரல் எழுத ஆரம்பிக்கிறோம்.

அன்புடன்,
உங்கள் முடிவுகளை நிரலாக எழுதும் ஒருவன்