ஜமாலுக்கு, அந்தத் தொந்திச் செடி பற்றி

தாம்பரம்
11.5.2025

அன்புள்ள ஜமால்,

இங்கே எல்லோரும் நலம். நீயும் தங்கச்சியும் நலம்தானே? நீ அனுப்பிய படத்துக்கு வாட்ஸ்அப்பிலேயே பதில் தட்டிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். நாலு வரி போவதற்குள் கண்ணில் தண்ணீர் கொட்ட ஆரம்பித்துவிட்டது. உன் மேல் பாசம் பொங்கி இல்லை. போன மாதம் வலது கண்ணுக்குப் புரை எடுத்தார்கள், போனை உற்றுப் பார்த்தால் இன்னும் கூசுகிறது. அதனால் பேனா. மகளிடம் கொடுத்து இதைப் படம் எடுத்து அனுப்பச் சொல்கிறேன். முன்பு ஏர்மெயில் கடிதம் ஓமானில் உன் சலாலாவுக்கு வந்து சேர பதினைந்து நாள் ஆனதை நினைத்தால் இது பெரிய முன்னேற்றம்தான்.

சரி, செடிக்கு வருகிறேன். "மலைச்சரிவில் பாறை இடுக்கில் நிற்கிறது, இலை ஒன்றுகூட இல்லை, நுனியெல்லாம் பூ, அடிமரம் யானைக்கால் வந்த மாதிரி வீங்கியிருக்கிறது, என்ன வியாதிடா இதற்கு?" என்று கேட்டிருக்கிறாய். வியாதி ஒன்றும் இல்லை. அதன் பெயர் அடீனியம். இங்கே நர்சரிக்காரர்கள் பாலைவன ரோஜா என்றும் சொல்லி விற்பார்கள். ரோஜாவுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அரளி, நித்தியகல்யாணி, நந்தியாவட்டை எல்லாம் சேர்ந்த குடும்பம் அது. பூவைப் பெரிதாக்கிப் பார், அரளியின் முகஜாடை தெரியும். உன் தோஃபார் மலையில் அது காட்டுச்செடி. என் மொட்டைமாடியில் ஒன்பது தொட்டியில் வளர்க்கிறேன். இருபத்தேழு வருஷமாக அந்த ஊரில் இருந்துகொண்டு இப்போதுதான் உன் கண்ணில் பட்டிருக்கிறது. புரை எனக்கா உனக்கா?

அதை முதலில் முறையாக எழுதி வைத்தவர் ஃபோர்ஸ்கால் என்ற தாவரவியலாளர். செடிகளுக்கு இரட்டைப் பெயர் வைக்கும் முறையைக் கொண்டுவந்த லின்னேயஸின் மாணவர். 1761-ல் டென்மார்க் அரசர் அனுப்பிய குழுவோடு அரேபியாவுக்குக் கிளம்பினார். 1763-ல் யெமனில் மலேரியா வந்து இறந்தபோது அவருக்கு வயது 31. அந்தக் குழுவில் ஆறு பேர் போனார்கள், உயிரோடு திரும்பியவர் நீபூர் ஒருவர்தான். அவர் நண்பனின் குறிப்புகளைப் பத்திரமாகக் கொண்டுவந்து 1775-ல் புத்தகமாகப் போட்டார். அதில் நம் செடிக்குக் 'குண்டு அரளி' என்று பொருள்படும் பெயர்தான் இருக்கிறது. அரளியிலிருந்து பிரித்து அடீனியம் என்று தனிப்பெயர் கொடுத்தது 1819-ல். அது ஏடன் ஊர்ப்பெயரிலிருந்து வந்தது. அடைமொழி மட்டும் மாறாமல் 'ஒபேசம்' என்றே நிற்கிறது. குண்டு என்று அர்த்தம். நம் விடுதியில் உனக்கு வைத்த பட்டப்பெயர் ஞாபகம் வந்தால் நான் பொறுப்பல்ல.

இனி நீ கேட்ட வளர்ப்பு விஷயம். பாலைவனச் செடி என்ற பெயரை நம்பி முதல் வருஷம் நான் வாரம் ஒரு டம்ளர் தண்ணீர்தான் கொடுத்தேன். மே மாதம், இதே கத்திரி வெயில். இலையெல்லாம் சுருண்டு, தொந்தி திராட்சை வற்றல் மாதிரி சுருங்கிப்போனது. அப்புறம்தான் புரிந்தது, வெயில் காலத்தில் இது குடிகாரச் செடி. இப்போது நான் ஒருநாள் விட்டு ஒருநாள் தொட்டி நிறைய ஊற்றுகிறேன், சில நாள் தினமும்கூட. வெயிலும் தண்ணீரும் சேர்ந்து வந்தால் அதற்குக் கொண்டாட்டம். குளிர்ச்சியும் தண்ணீரும் சேர்ந்து வந்தால்தான் எமன்.

மண்தான் பாதி வேலை. களிமண்ணும் ஆகாது, தோட்டத்து மண்ணை அப்படியே அள்ளிப் போட்டாலும் ஆகாது. நான் செங்கல்லை உடைத்துச் சலித்த குறுணை இரண்டு பங்கு, பருமணல் ஒரு பங்கு, மக்கிய எரு ஒரு பங்கு, கொஞ்சம் வேப்பம் புண்ணாக்கு என்று கலக்கிறேன். மேலே ஊற்றினால் பத்து எண்ணுவதற்குள் அடியில் ஒழுக வேண்டும். ஒழுகவில்லையா, கொட்டிவிட்டு மறுபடி கல. வெயில் குறைந்தது ஆறு மணி நேரமாவது நேராக விழவேண்டும். பக்கத்து வீட்டம்மா அழகுக்காக வரவேற்பறையில் வைத்திருக்கிறார்கள். ஒட்டகச்சிவிங்கி மாதிரி கழுத்து நீண்டு நிற்கிறது, பூ மட்டும் இல்லை.

பிப்ரவரி கடைசியில் எல்லாக் கிளையையும் ஒரு சாண் விட்டு வெட்டிவிடுவேன். முதல் தடவை வெட்டும்போது கை நடுங்கியது. வெட்டின இடத்துக்குக் கீழே இரண்டு மூன்று துளிர் வரும், ஒவ்வொரு துளிரின் நுனியிலும் மொட்டு வரும். கிளை பெருகினால் பூ பெருகும், கணக்கு அவ்வளவுதான். இப்போது மாடியில் ஏறிப் பார்த்தால் ஒன்பதில் ஏழு பூத்திருக்கிறது. வெட்டும்போதே தொட்டியும் மாற்றினால் செடியை ஒரு அங்குலம் தூக்கி நடு. வெளியே தெரியும் வேர்கள் வருஷத்துக்கு வருஷம் பருத்து, சம்மணம் போட்டு உட்கார்ந்த மாதிரி ஒரு தோற்றம் வரும். விதையிலிருந்து வந்த செடியில்தான் இந்த அழகெல்லாம். கிளையை ஒடித்து நட்டாலும் பிழைக்கும், பூக்கும், தொந்தி மட்டும் சரியாக வராது.

ஒரு முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். மூன்றடுக்குப் பூ, வெள்ளையில் சிவப்பு விளிம்பு, ஒட்டுச்செடி என்று சொல்லி ஒன்று வாங்கினேன். விலையைச் சொன்னால் நீ திட்டுவாய், வீட்டில் ஏற்கனவே திட்டியாகிவிட்டது. ஒரு மாதத்தில் அடித்தண்டிலிருந்து இரண்டு துளிர் ஜம்மென்று கிளம்பியது. ஆகா, செடி நன்றாக வளர்கிறது என்று அதற்கு எரு வேறு வைத்தேன். மேலே இருந்த கிளை கொஞ்சம் கொஞ்சமாக இளைத்துக் காய்ந்தது. அப்புறம் பூத்தது பார், சாதாரண ஐந்து இதழ் ரோஸ் பூ. ஒட்டுக்குக் கீழே வரும் துளிரை அன்றன்றைக்கே கிள்ளியிருக்க வேண்டும். நான் வளர்த்தது அடிச்செடியை. விற்றவனைத் திட்டிக்கொண்டு நர்சரி வரை போய், அங்கே வேலை செய்யும் பையன் விளக்கிய பிறகு வாயை மூடிக்கொண்டு திரும்பி வந்தேன்.

அப்புறம் 2023 டிசம்பர். நீ மறந்திருக்க மாட்டாய். மிக்ஜாம் புயல் சென்னையை முக்கியபோது நாங்கள் பெங்களூரில் இருந்தோம், பேத்தி பிறந்த நேரம். 9-ம் தேதி திரும்பி வந்து மாடிக்கு ஏறினால், வடிகால் வாயில் இலை அடைத்து, தொட்டிகள் கணுக்கால் தண்ணீரில் நிற்கின்றன. அப்போது என்னிடம் நாலு அடீனியம். ஒன்றின் தொந்தியில் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன், விரல் உள்ளே போய்விட்டது. அழுகின பூசணி வாடை. இன்னொன்றும் அப்படியே. ஒன்று கல்லு மாதிரி தப்பித்தது. நாலாவதில் ஒரு பக்கம் மட்டும் மெத்தென்று இருந்தது. இதைக் கவனித்துக்கொள்: தொந்தி முழுக்க ஒரே மாதிரி லேசாகத் தளர்ந்திருந்தால் தாகம். ஒரு இடத்தில் மட்டும் கொழகொழப்பு, தோல் பழுப்பு என்றால் அழுகல்.

அந்த நாலாவதை வேரோடு பிடுங்கி, ஒரு வாரம் காயவிட்டுப் பார்த்தேன், அழுகல் நிற்கவில்லை. சரி, அறுத்துப் பார்த்துவிடலாம் என்று 17-ம் தேதி ஞாயிறு சாயங்காலம் பழைய பேப்பரை விரித்துக் கத்தியோடு உட்கார்ந்தேன். பழுப்புச் சதையைச் சீவச் சீவ, உள்ளே இன்னும் பழுப்பு. ஒவ்வொரு சீவலுக்கும் கத்தியை ஸ்பிரிட்டில் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் நோயை நாமே உள்ளே கொண்டுபோவோம். கடைசியில் நறுக்கின முள்ளங்கி மாதிரி வெள்ளை வந்தபோது மூன்றில் ஒரு பங்கு தொந்தி போயிருந்தது. அந்த நேரம்தான் உன் போன். உன் ஊர் காயல்பட்டினத்தில் மழை விடவே இல்லை, உம்மா போன் எடுக்கவில்லை என்றாய். ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் என்று மறுநாள் செய்தியில் சொன்னபோது தப்பாகப் படிக்கிறார்கள் என்றே நினைத்தேன். நீ சலாலாவிலிருந்து எனக்கும், நான் இங்கிருந்து திருநெல்வேலியில் தெரிந்தவர்களுக்கும், அவர்கள் காயலுக்கும் என்று மாற்றி மாற்றி அடித்துக்கொண்டிருந்தோம். உம்மா மாடியில் பத்திரமாக இருக்கிறார்கள் என்று தகவல் வரும்வரை அந்தச் செடி பேப்பரிலேயே கிடந்தது. அப்புறம்தான் வெட்டுக்காயத்தில் பூஞ்சாண மருந்துப் பொடியைத் தடவி, மாடிப்படிக்குக் கீழே தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டேன். பத்து நாள் கழித்துக் காய்ந்த மண்ணில் நட்டேன். ஜனவரி கடைசி வரை ஒரு சொட்டு கிடையாது. பிப்ரவரியில் பட்டாணி அளவு ஒரு பச்சை தெரிந்தது. இப்போது முன்பக்கம் பார்த்தால் குழிவிழுந்த தொந்தி, மேலே பதினான்கு பூ, இன்று காலை எண்ணினேன். அதன் படத்தைத்தான் இதோடு அனுப்புகிறேன்.

அதனால் அக்டோபர் வந்துவிட்டால் எல்லாத் தொட்டியையும் சன்ஷேடுக்குக் கீழே தள்ளிவிடுவேன். மார்கழியில் இலை மஞ்சளாகிக் கொட்டும். பயந்துபோய்த் தண்ணீர் ஊற்றாதே, அது தூக்கம்.

பூச்சி என்று பார்த்தால் மாவுப்பூச்சி வரும், வேப்பெண்ணெய் போதும். ஆனால் போன வருஷம் வந்த விருந்தாளியைச் சொல்ல வேண்டும். காலையில் மாடித் தரையில் மிளகு கொட்டினாற்போல் கறுப்பு உருண்டைகள். எலி என்று என் மனைவி சொன்னாள். நிமிர்ந்து பார்த்தால் ஒரு செடியில் இலையே இல்லை, காம்பில் என் விரல் பருமனுக்குப் பச்சைப் புழு ஒன்று தொங்குகிறது. தொட்டதும் தலையை உள்ளுக்கு இழுத்தது, கழுத்துப் பக்கம் நீலத்தில் இரண்டு பெரிய கண் திறந்துகொண்டது. உண்மைக் கண் இல்லை, பயமுறுத்தும் பொட்டு. பின்பக்கம் ஒரு சின்னக் கொம்பு வேறு. அரளிக்கு வரும் புழுதான், இதையும் சொந்தம் கண்டுபிடித்து வந்திருக்கிறது. கொல்ல மனம் வரவில்லை. தெருமுனைக் கோயில் அரளியில் கொண்டுபோய் விட்டேன். குருக்களிடம் சொல்லவில்லை.

இந்தச் சாறு விஷம் என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள். ஆப்பிரிக்காவில் அம்பு நுனியில் தடவி வேட்டைக்குப் போயிருக்கிறார்கள், இதயத்தைத் தாக்கும் விஷம். அரளி என்றால் நம் ஊரில் என்ன நினைப்பார்கள் என்று உனக்குத் தெரியும். வெட்டும்போது கையுறை, முடிந்ததும் சோப்பு. பேத்தி இப்போது எதைப் பார்த்தாலும் வாயில் வைக்கிறாள், அதனால் தொட்டிகள் எல்லாம் மதில்மேல் ஏறிவிட்டன.

கடைசியாக, மலையிலிருந்து ஒரு சின்னச் செடியைப் பிடுங்கி எடுத்து வரட்டுமா என்று கேட்டிருந்தாயே, வேண்டாம்டா. அந்தப் பாறையில் அது அவ்வளவு பருக்க எத்தனை வருஷம் ஆயிற்றோ. அனுமதிச் சீட்டும் நோயில்லாச் சான்றும் இல்லாமல் வெளிநாட்டுச் செடியை, விதையைக்கூட, இங்கே கொண்டுவரவும் கூடாது, விமான நிலையத்தில் பிடுங்கிக்கொள்வார்கள். உனக்கு இங்கேயே ஒன்று இருக்கிறது. போன கோடையில் பூவின் ஒரு பக்கத்தைக் கிழித்து, நடுக்கூம்புக்குள் மெல்லிய தூரிகையை விட்டு மகரந்தம் மாற்றினேன். இருபது பூவில் ஒன்றுதான் பிடித்தது. ஆட்டுக்கொம்பு மாதிரி ஜோடிக் காய். வெடித்தால் விதை பறந்துவிடும் என்று நூல் சுற்றிக் கட்டினேன். விதை சீரகத்தைவிடக் கொஞ்சம் பெரிது, இரண்டு முனையிலும் பட்டுக் குஞ்சம். ஐம்பதுக்கு மேல் முளைத்தது, கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தேன். ஒன்றின் தொட்டியில் மட்டும் உன் பெயரை எழுதி வைத்திருக்கிறேன், அதற்கு இப்போதே குட்டித் தொந்தி போட்டுவிட்டது.

அடுத்த பிப்ரவரியில் கணக்கை முடித்துக்கொண்டு வருகிறேன் என்றாய். நேராகத் தூத்துக்குடிக்கு விமானம் மாறிப் போய்விடாதே. இங்கே இரண்டு நாள் தங்கிவிட்டு, தாம்பரத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் ஏறு, காயல்பட்டினத்திலேயே இறங்கலாம். செடியின் மண்ணை உதறி, செய்தித்தாளில் சுற்றித் தருகிறேன். துணிப்பையில் செருப்புக்குப் பக்கத்தில் போட்டுக்கொள், பத்து நாளானாலும் ஒன்றும் ஆகாது. நட்ட அன்றைக்கே தண்ணீர் ஊற்றாதே. உம்மா ஊற்றப் போவார்கள், அவர்களைத் தடுப்பது உன் வேலை.

தங்கச்சிக்கு என் அன்பு.

உன்,
முருகேசன்