நடப்பவர்களை எண்ணுவதற்கு முன் தொண்டர்களை எண்ணுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடலூரிலிருந்து சிதம்பரம் வரை ஒரே நாளில் நடந்து முடிக்கும் நெடுநடை ஒன்று வரும் தை மாதத்தில் நடக்கவிருப்பதாகத் தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் செய்தி படித்தேன். பதிவுக் கட்டணம், பனியன், பதக்கம், முதலில் வந்து சேர்வோருக்கான பரிசு எல்லாம் விரிவாக இருந்தன. வழியில் யார் நிற்பார்கள், எத்தனை பேர் நிற்பார்கள், எந்த நேரம் வரை நிற்பார்கள் என்பது பற்றி மட்டும் ஒரு வரியும் இல்லை. இத்தகைய நடைகளில் தண்ணீர் ஊற்றியும் பேரேடு எழுதியும் பழகியவன் என்ற முறையில், ஏற்பாட்டாளர்களின் கவனத்துக்குச் சிலவற்றைத் தங்கள் வாயிலாகக் கொண்டுவர விரும்புகிறேன்.

சுமார் 45 கிலோமீட்டர் தூரத்தைப் பழகிய கால்கள் மணிக்கு 6 கிலோமீட்டர் வேகத்தில் ஏழரை மணி நேரத்தில் கடந்துவிடும். இடையிடையே உட்கார்ந்து, காலணியைக் கழற்றி, கொப்புளத்துக்குப் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு நடப்பவருக்கு மணிக்கு மூன்றரை கிலோமீட்டர் கிடைத்தால் பெரிது. அவருக்குப் பதின்மூன்று மணி நேரம் ஆகும். இருவரும் அதிகாலை 4 மணிக்கு மஞ்சக்குப்பம் மைதானத்திலிருந்து ஒன்றாகப் புறப்பட்டால், 10-வது கிலோமீட்டரில் அவர்களுக்கிடையே உள்ள இடைவெளி ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக இருக்கும். 40-வது கிலோமீட்டரிலோ ஒருவர் காலை 10.40-க்கும் மற்றவர் பிற்பகல் மூன்றரை மணி வாக்கிலும் வந்து சேர்வார்கள். அதாவது முதல் தண்ணீர்ப் பந்தல் இரண்டு மணி நேரத்தில் கடையைக் கட்டிவிடலாம். கடைசிப் பந்தல் ஐந்து மணி நேரத்துக்குக் குறையாமல் திறந்திருக்க வேண்டும். ஆனால் பெரும்பாலும் நடப்பது இதற்கு நேர்மாறானது. கொடியசைக்கும் இடத்திலும் புகைப்படம் எடுக்கும் இடத்திலும் தொண்டர்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்க, பிற்பகலில் உச்சி காய்ந்து வருபவருக்கு டம்ளர் நீட்ட ஆள் இருப்பதில்லை. நான் பார்த்த ஒரு நடையில், கடைசியாக வந்த பதினைந்து இருபது பேர் கடைசிப் பந்தலுக்கு வந்தபோது அதன் துணியைக்கூடச் சுருட்டி வண்டியில் ஏற்றியிருந்தார்கள். முன்னால் போனவர்களைவிட அவர்களுக்குத்தான் தண்ணீர் அதிகம் தேவைப்பட்டது.

எட்டு கிலோமீட்டருக்கு ஒன்று என்று வைத்தால் ஐந்து பந்தல்கள். ஒவ்வொன்றிலும் எண் அட்டையைப் பார்த்து நேரம் குறிக்க ஒருவர், தண்ணீரும் உணவும் வழங்க இருவர், முதலுதவிக்கு ஒருவர், சாலையோரம் நின்று வாகனங்களைக் கவனிக்க ஒருவர் என ஐந்து பேர், கடைசி இரண்டு பந்தல்களுக்கு இரண்டாம் முறைக்கு மாற்றாட்கள், சந்திப்புகளில் நிற்பவர்கள், இரு சக்கர வண்டியில் முன்னும் பின்னும் போய்வருபவர்கள், எல்லாருக்கும் கடைசியாக வருபவரோடு கூடவே நடந்து வரும் இருவர். இப்படிக் கூட்டினால் 50 பேருக்குக் குறையாது. 200 பேர் நடந்தாலும் 50 பேர் நடந்தாலும் பந்தல்களின் எண்ணிக்கை மாறப்போவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எனவே தொண்டர்கள் போதவில்லை என்றால் நடப்பவர்களைக் குறைப்பது மட்டும் தீர்வாகாது. தூரத்தையே குறைக்க வேண்டும். பரங்கிப்பேட்டையோடு முடித்துக்கொள்வதில் மானக்குறைவு எதுவும் இல்லை.

இதே சாலையில் ஆண்டுதோறும் ஆவணி மாதத்தில் காவியுடை அணிந்து ஆயிரக்கணக்கானோர் வேளாங்கண்ணிக்கு நடக்கிறார்களே, அவர்களுக்கு எந்த ஏற்பாட்டுக்குழு இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். அந்த நடைக்கு வழிநெடுக உள்ள ஊர்களே ஏற்பாட்டுக்குழு. எந்த வாரத்தில் கூட்டம் வரும், எந்தத் திண்ணையில் படுப்பார்கள், எங்கே மோர் ஊற்ற வேண்டும் என்பது பல ஆண்டுப் பழக்கத்தால் அங்குள்ளவர்களுக்குத் தெரியும். மேலும், அவர்கள் ஒரே நாளில் முடிக்க வேண்டும் என்ற கெடுவோடு நடப்பதில்லை. முடியாதபோது படுத்துவிட்டு மறுநாள் எழுந்து நடப்பார்கள். கெடு வைத்து நடத்தும் நடையில், அந்தக் கெடுவை வைத்தவருக்கே வழியைக் கவனிக்கும் பொறுப்பும் சேர்ந்துவிடுகிறது.

1930-இல் ராஜாஜி சுமார் 100 தொண்டர்களோடு திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பெடுக்க நடந்தபோது, தஞ்சை ஆட்சியர் தார்ன், நடப்பவர்களுக்கு உணவும் இடமும் கொடுப்பவர்கள் தண்டிக்கப்படுவார்கள் என்று ஆணையிட்டார். ஒரு நெடுநடையின் உயிர்நாடி எங்கே இருக்கிறது என்பது அந்த வெள்ளைக்கார அதிகாரிக்குத் தெரிந்திருக்கிறது. மக்கள் சோற்றுப் பொட்டலங்களை மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டு அந்த ஆணையைத் தாண்டியதால்தான் நடை வேதாரண்யம் போய்ச் சேர்ந்தது.

நம் மாவட்டத்தில் கூட்டத்துக்குச் சமைத்துப் பரிமாறத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. வடலூரில் 1867-இல் வள்ளலார் மூட்டிய தருமச்சாலை அடுப்பு இன்றும் எரிகிறது. தைப்பூசத்துக்கு அங்கே வருபவர்களுக்கு ஊர் ஊராகக் குழுக்கள் அன்னதானம் செய்கின்றன. ஏற்பாட்டாளர்கள் விளம்பர நிறுவனத்தைத் தேடுவதற்கு முன் இந்தக் குழுக்களின் வாசலுக்குப் போயிருக்க வேண்டும். மாறாக, நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களைப் பேருந்தில் ஏற்றிவந்து, விடியற்காலையில் ஒரு தொப்பியைக் கொடுத்து நெடுஞ்சாலையில் நிறுத்துவதே வழக்கமாகிவிட்டது. இரண்டு ஆண்டில் 240 மணி நேரச் சேவையை நிறைவு செய்ய வேண்டிய அந்தப் பிள்ளைகள் வருகைப் பதிவுக்காக வருகிறார்கள் என்று குறை சொல்வது நியாயமாகாது. தாங்கள் எதற்காக நிற்கிறோம் என்பதை அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை; பல சமயம் காலைச் சிற்றுண்டியும் கொடுப்பதில்லை.

இங்கிலாந்தில் 1972-இல் தொடங்கப்பட்ட நெடுந்தொலைவு நடப்போர் சங்கம் ஆண்டுதோறும் 100 மைல் நடையை 48 மணி நேரக் கெடுவுடன் நடத்துகிறது. அதில் தொண்டாற்ற இருப்பவர்களுக்காகச் சில வாரங்கள் முன்னதாகவே அதே பாதையில் தனியாக ஒரு நடை நடத்தப்படுகிறது. நடக்கும் ஆசையுள்ளவர்கள் அந்த ஆசை தீர்ந்து தொண்டுக்கு வருகிறார்கள்; பாதையின் குறைகளும் முன்கூட்டியே தெரிந்துவிடுகின்றன. இதை இங்கேயும் செய்யலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை தொண்டர்கள் முதுநகரைத் தாண்டி சிப்காட் வளாகத்தை ஒட்டிய சாலையில் லாரிகளுக்கிடையே நடந்து பார்த்தால், எந்த இடத்தில் ஒளிரும் சட்டையோடு ஆள் நிற்க வேண்டும், எங்கே நிழல் அறவே இல்லை என்பதெல்லாம் வரைபடம் இல்லாமலே புரிந்துவிடும். பெண்களுக்குக் கழிப்பறை எங்கே என்ற கேள்விக்கும் அன்றைக்கே விடை தேட வேண்டும். பெட்ரோல் நிலையங்கள், கல்யாண மண்டபங்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் பூட்டிக் கிடக்கும் பள்ளிகள் ஆகியவற்றின் பொறுப்பாளர்களிடம் முன்கூட்டிப் பேசி, சாவியை யார் கொண்டுவருவார் என்பது வரை உறுதிசெய்யாவிட்டால், பெண்கள் வழியில் தண்ணீரே குடிக்காமல் நடப்பார்கள்.

தண்ணீரைப் பற்றியும் தொண்டர்களுக்குச் சொல்லித்தர வேண்டியது இருக்கிறது. மணிக்கு அரை லிட்டர் என்று வைத்தாலும் 200 பேருக்குப் பத்து மணி நேரத்தில் 1,000 லிட்டர், அதாவது 20 லிட்டர் கேன்கள் ஐம்பது வேண்டும். ஆனால் வியர்வையில் உப்பை இழந்தவர் வெறும் தண்ணீரையே அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்தில் உப்பின் அளவு குறைந்து தலைவலியும் வாந்தியும் மயக்கமும் வரும். அதைத் தாகம் என்று நினைத்து மேலும் தண்ணீர் கொடுப்பது ஆபத்து. உப்புப் போட்ட நீர்மோரும் கஞ்சியும் ஒவ்வொரு பந்தலிலும் இருக்க வேண்டும். ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதில் அச்சிட்டுள்ள அளவுத் தண்ணீரில் கரைக்க வேண்டுமே தவிர, ஒரு டம்ளரில் கொட்டிக் கலக்கக் கூடாது. உடல் கொதித்து, நடை தள்ளாடி, பேச்சு குழறினால் நிழலில் கிடத்தி உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108-ஐ அழைக்க வேண்டும்.

தை மாதம்தானே, வெயில் என்ன செய்யும் என்று அசட்டையாக இருக்க வேண்டாம். நெதர்லாந்தின் நைமெகனில் 1909 முதல் நடந்துவரும் நான்கு நாள் நடையில், 2006-ஆம் ஆண்டு முதல் நாளே கடும் வெயிலில் இருவர் உயிரிழந்ததும் எஞ்சிய நாட்களை ரத்து செய்தார்கள். அவ்வளவு அனுபவமுள்ள குளிர்நாட்டாருக்கே அந்த நிலை என்றால், நடையை நிறுத்தும் அதிகாரம் யாருக்கு என்பதை நாம் முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும். ஒரு பந்தலின் பொறுப்பாளர் ஒருவரைப் பார்த்து, ‘அண்ணே, இதோடு போதும், வண்டியில் ஏறுங்கள்’ என்று சொன்னால் அதற்கு மறுபேச்சு இருக்கக் கூடாது. கட்டணம் கட்டியவர் கோபப்படுவார், அவர் ஊரில் பெரிய மனிதராகவும் இருப்பார், இருக்கட்டும். இந்த விதியைப் பதிவுப் படிவத்திலேயே அச்சிட்டுக் கையெழுத்து வாங்கிவிட்டால், பத்தொன்பது வயதுத் தொண்டர் தனியாக நின்று வாதாட வேண்டியிராது.

இன்னொரு தொல்லை நம் சாலைக்கே உரியது. இந்த வழியில் சிதம்பரம், கடலூர்ப் பேருந்துகள் ஓயாமல் ஓடுவதால், கால் வலித்தவர் யாரிடமும் சொல்லாமல் கைகாட்டி ஏறிப் போய்விடுகிறார். அவர் வீட்டில் வெந்நீரில் காலை நனைத்துக்கொண்டிருக்க, தொண்டர்கள் டார்ச்சோடு புதர் புதராகத் தேடுகிறார்கள். ஒவ்வொரு பந்தலிலும் எண் குறிப்பதும், விலகுபவர் சொல்லிவிட்டுத்தான் விலக வேண்டும் என்பதும் இதற்காகத்தான்.

புதுச்சேரியிலிருந்து புறப்படும் நடையாக இதை அடுத்த ஆண்டு நீட்டிக்கும் எண்ணமும் இருப்பதாகச் செய்தி கூறுகிறது. அப்படியானால் தமிழ்நாடு, புதுச்சேரி இரண்டின் காவல்துறையிடமும் அனுமதி வேண்டும். மதுக்கடைகளுக்கு வந்துபோகும் வண்டிகள் மிகுந்த முள்ளோடை எல்லையை இருட்டிய பின் யாரும் கடக்கும்படி நேரம் வைக்கக் கூடாது.

நடைக்கான பதிவைத் தொடங்குவதற்கு முன், பந்தல்கள் எந்தெந்த ஊரில், ஒவ்வொன்றிலும் எத்தனை தொண்டர்கள், திறக்கும் நேரம், மூடும் நேரம் ஆகியவற்றை ஏற்பாட்டாளர்கள் தங்கள் நாளிதழிலேயே வெளியிட வேண்டும். அந்தப் பட்டியலைப் பார்த்த பிறகே காவல்துறை அனுமதி வழங்க வேண்டும் என்றும் மாவட்ட நிர்வாகத்தைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர் ஒருவர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.