பெயர் கேட்காமல் விட்ட தம்பிக்கும் மற்ற எல்லோருக்கும்

அப்பா போய் இன்று ஒன்பதாம் நாள். வீட்டில் வருவோர் போவோர் சத்தம் இப்போதுதான் கொஞ்சம் அடங்கியிருக்கிறது. பதினாறாம் நாள் காரியம் முடியட்டும், நிதானமாக எழுது என்று அண்ணன் சொன்னான். எனக்கு அதுவரை பொறுக்கவில்லை.

என்ன நடந்தது என்று உங்கள் எல்லோருக்கும் தெரியும். பாதிப் பேர், அப்பா பக்கவாதத்தோடு ஆஸ்பத்திரியில் கிடந்த அந்தப் பதினோரு நாளும் விடாமல் போன் பண்ணி விசாரித்தவர்கள். அதைத் திரும்ப ஒருமுறை எழுத எனக்குத் தெம்பில்லை. நன்றி மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

108 வண்டியில் வந்த இரண்டு பேருக்கு முதல் நன்றி. மதுரைப் பெரிய ஆஸ்பத்திரி வார்டில் மூன்று ஷிப்டிலும் அப்பாவை 'மிலிட்டரி ஐயா' என்று கூப்பிட்டுக் கூப்பிட்டே மருந்து கொடுத்த சிஸ்டர்களுக்கும், ராத்திரி எத்தனை தடவை போய் நின்றாலும் முகம் சுளிக்காமல் எழுந்து வந்த சின்ன வயது டாக்டர்களுக்கும், படுக்கை மாற்ற எனக்குக் கைகொடுத்த பணியாளர் அக்காவுக்கும், பிளாஸ்க் நிறைய வெந்நீர் ஊற்றிவிட்டுக் காசு வேண்டாம் என்ற கோரிப்பாளையம் டீக்கடை அண்ணனுக்கும் நன்றி. செக்கானூரணியிலிருந்து தினமும் தூக்குவாளியில் சாப்பாடு கொடுத்துவிட்ட சித்திக்கும், அதைத் தன் சீட்டுக்குக் கீழே பத்திரமாக வைத்துக் கொண்டுவந்து தந்த கண்டக்டர்களுக்கும் நன்றி. கேட்காமலே விடுப்பை நீட்டித்த எங்கள் தலைமையாசிரியைக்கும், வீட்டு வாசலில் வரிசையாக நின்று அப்பாவுக்கு சல்யூட் அடித்து அனுப்பிவைத்த முன்னாள் படைவீரர்களுக்கும் நன்றி. பெயர் விடுபட்டவர்கள் என்னை மன்னிக்கணும்.

இப்போது அந்தத் தம்பிக்கு வருகிறேன்.

அப்பாவுக்கு வலதுபக்கம் வரவில்லை, பேச்சும் இல்லை. இடதுகை மட்டும் அசையும். மூன்றாம் நாளிலிருந்து அந்தக் கையால் தாடையைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். தேய்ப்பார், நிறுத்துவார், என்னைப் பார்ப்பார், மறுபடி தேய்ப்பார். கொசு கடிக்கிறது போல என்று துண்டால் விசிறினேன். மூக்குக் குழாயின் பிளாஸ்டர் அரிக்கிறதோ என்று சிஸ்டரிடம் சொன்னேன், அவர் அதைப் பிரித்து வேறு ஒட்டினார். பல்வலியாக இருக்குமோ என்று டாக்டரிடம்கூடக் கேட்டேன். நாலாம் நாள் ராத்திரி, குழாயைப் பிடுங்கிவிடுவார் என்று பயந்து, அண்ணன் அந்தக் கையைக் கட்டில் கம்பியோடு துணியால் லேசாகக் கட்டிவைத்தான். அசைகிற ஒரே கை அது. அண்ணன் இன்றைக்கும் அதைச் சொல்லி அழுகிறான்.

ஐந்தாம் நாள் காலை, பக்கத்துக் கட்டிலில் தன் அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்த தம்பி எழுந்து வந்தார். இருபத்தைந்து வயது இருக்கும். "அக்கா, ஐயா சவரம் கேக்குறாருக்கா" என்றார்.

திரும்பிப் பார்த்தேன். அப்பா முகத்தில் ஐந்து நாள் வெள்ளைத் தாடி. எனக்கு நினைவு தெரிந்து அந்த முகத்தில் ஒருநாள் தாடியைக்கூட நான் பார்த்ததில்லை. நாலரை மணிக்கு எழுந்து, வேப்பமரத்து ஆணியில் கண்ணாடியை மாட்டி, சவரம் முடித்த பிறகுதான் காப்பி குடிப்பார். அம்மா இறந்த அன்று விடியலிலும் சவரம் செய்துவிட்டுத்தான் வாசலுக்கு வந்து உட்கார்ந்தார். பொண்டாட்டி செத்துக் கிடக்கும்போது இதென்ன என்று சொந்தக்காரர்கள் முணுமுணுத்தார்கள். அவர் பதில் சொல்லவில்லை. இத்தனை வருஷம் மகளாக இருந்த எனக்குப் புரியாதது, ஐந்து நாளாகப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவருக்குப் புரிந்துவிட்டது.

ஆரப்பாளையம் பக்கம் ஒரு சலூனில் வேலை பார்க்கிறாராம். சாமான் பையைக் கட்டிலுக்குக் கீழேயே வைத்திருந்தார். முதலில் சிஸ்டரிடம் போய் அனுமதி கேட்டார். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து போகிறது, ஒரு கீறல் விழுந்தாலும் சீக்கிரம் நிற்காது, பிளாஸ்டரையும் தொடக்கூடாது என்று சிஸ்டர் சொன்னார். "ஒரு சொட்டு வராது சிஸ்டர்" என்று சொல்லிவிட்டு, புது பிளேடைத் தாளோடு சேர்த்து இரண்டாக ஒடித்தார். ஒரு பாதியைக் கத்தியில் செருகினார். மறுபாதியை அதே தாளில் மடித்து, "இது நாளைக்கு" என்று லாக்கர் மேல் வைத்தார்.

வெந்நீரில் துண்டை நனைத்துப் பிழிந்து முகத்தில் கொஞ்ச நேரம் போட்டுவைத்தார். பிரஷால் நுரை வந்ததும் அப்பா கண்ணை மூடிக்கொண்டார். வலது கன்னம் தொய்ந்து கிடந்தது. அதைக் கட்டைவிரலால் மேலே இழுத்துப் பிடித்து, அரிசி அரிசியாக நகர்ந்தார். இடது கன்னத்துக்கு வந்ததும் அப்பா தானாகவே அந்தக் கன்னத்தை உப்பிக் கொடுத்தார். மூக்குக்குக் கீழே கத்தி வந்தபோது மேலுதட்டைப் பல்லுக்கு உள்ளே இழுத்து மடித்துக்கொண்டார், கண்ணாடி முன்னால் நின்று அவர் தினமும் செய்கிற மாதிரியே. நாலு நாளாக டாக்டர்கள் "நாக்கை நீட்டுங்க, கையைப் பிடிங்க" என்று கேட்டபோதெல்லாம் ஒன்றுமே செய்யாத மனிதர். நான் வராண்டாவுக்கு ஓடிப்போய் அழுதுவிட்டு வந்தேன்.

கடைசியில் படிகாரம் தடவித் துடைத்துவிட்டு, தம்பி தன் கைக்கண்ணாடியை அப்பா முகத்துக்கு நேரே பிடித்தார். அப்பா ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் இடதுகையைத் தூக்கி நெற்றிக்குக் கொண்டுபோனார். சல்யூட் வலதுகையில்தான் அடிக்கணும். ஆனாலும் அது என்ன என்று வார்டில் இருந்த எல்லோருக்கும் புரிந்தது. அதற்குப் பிறகு அவர் தாடையைத் தேய்க்கவே இல்லை.

அன்றிலிருந்து ஏழு நாள், ஒருநாள் தவறாமல், தன் அப்பாவுக்குக் கஞ்சி கொடுத்துவிட்டு எங்கள் கட்டிலுக்கு வந்தார். பணம் நீட்டினால், "ஐயா எந்திரிச்சு கடைக்கு வரட்டும்க்கா, அப்ப வாங்கிக்கிறேன்" என்பார்.

தம்பி, நீங்கள் சவரம் செய்த முகம் யாருடையது என்று உங்களுக்குச் சொல்ல அங்கே நேரமே வாய்க்கவில்லை. இப்போது சொல்கிறேன்.

அப்பா 1979-ல், பத்தொன்பது வயதில் பட்டாளத்தில் சேர்ந்தார். துப்பாக்கிப் படை இல்லை, ராணுவ மருத்துவப் படை. லக்னோவில் பயிற்சி, நர்சிங் அசிஸ்டென்ட் வேலை. 'ஃபீல்டு ஆம்புலன்ஸ்' என்று அவர் கடிதத்தில் எழுதியதைப் பார்த்து, மகன் வண்டி ஓட்டுகிறான் என்றே அப்பத்தா கடைசிவரை நம்பினார். அது வண்டி இல்லை, சண்டை நடக்கிற இடத்துக்குப் பின்னாலேயே போகிற மருத்துவப் பிரிவு. 1987-லிருந்து 1990 வரை நம் படை இலங்கையில் இருந்ததே, அங்கேயும் போனார். அதைப் பற்றி வீட்டில் பேசமாட்டார். ஒன்றே ஒன்று சொல்லியிருக்கிறார். காயத்துக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தபோது ஒரு வயதான அம்மா அவருடைய தமிழைக் கேட்டு எந்த ஊர் என்று விசாரித்தாராம். மதுரை என்றதும், மீனாட்சியைப் பார்த்தால் எங்களுக்காகவும் கேள் என்றாராம். ஊருக்கு விடுப்பில் வந்ததும் அப்பா பெட்டியை இறக்கிவைத்த கையோடு கோயிலுக்குத்தான் போனார் என்று அம்மா சொல்வார்.

1998-ல் ஹவில்தாராக ஓய்வு பெற்று வந்தார். ஒரு தனியார் மருத்துவமனையில் வேலைக்குப் போனார். பத்தொன்பது வருஷ அனுபவத்துக்கு அங்கே மதிப்பில்லை, பட்டாளத்துச் சான்றிதழ் செல்லாது என்று வார்டு உதவியாளராகத்தான் எடுத்தார்கள். அது எனக்கு இன்றுவரை ஆறாத கோபம். அவருக்கு இல்லை. "கட்டில்ல கெடக்குறவனுக்கு என் பதவி தெரியவா போகுது?" என்று கேட்பார். ஒவ்வொரு ஏப்ரல் 3-ம் தேதியும், 1943-ல் மருத்துவப் படை உருவான நாள் என்று, வார்டு முழுக்க மிட்டாய் கொடுப்பார். 'சர்வே சந்து நிராமயா', எல்லோரும் நோயின்றி இருக்கட்டும் என்ற படையின் வாசகத்தை வெள்ளைத் தாளில் எழுதித் தன் கறுப்பு டிரங்குப் பெட்டியின் மூடிக்குள் ஒட்டியிருந்தார்.

ஊரில் அவரை 'மிலிட்டரி டாக்டர்' என்பார்கள். "டாக்டர் இல்லப்பா, டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறவன்" என்று ஒவ்வொரு முறையும் திருத்துவார். வீட்டில் ஒருவருக்கும் ஒரு ஊசிகூடப் போட்டதில்லை. கெஞ்சினாலும் மாட்டார். ஆனால் பாம்புக்கடி என்று யார் கதவைத் தட்டினாலும் அடுத்த நிமிஷம் டிவிஎஸ் ஃபிஃப்டி கிளம்பிவிடும். கடிபட்டவரை நடக்க விடமாட்டார், பிளேடால் கீற விடமாட்டார், இறுக்கிக் கயிறு கட்டியிருந்தால் திட்டுவார். தரையில் படுத்துத் தூங்கினவர் விடியக்காலையில் வயிற்றுவலி என்று வந்தால், முதலில் இமை தொங்குகிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பார். கட்டுவிரியன் கடித்தால் வலியும் தெரியாது, தடமும் சரியாகத் தெரியாது என்பார். உசிலம்பட்டி ஆஸ்பத்திரிக்கு அவர் இப்படிக் கூட்டிப்போன எத்தனையோ பேரில் சிலர் அன்று எங்கள் வாசலில் வந்து நின்றார்கள். அதில் ஒருவர் என்னிடம் சொன்னதுதான் எனக்குப் புதுச் செய்தி. அப்பா வேலை பார்த்த வார்டில், ஆள் துணையில்லாத கிழவர்களுக்கு ரவுண்ட்ஸுக்கு முன்னால் அவரே சவரம் செய்துவிடுவாராம். வீட்டில் எங்களிடம் அவர் இதைச் சொன்னதே இல்லை.

பதினோராம் நாள் ராத்திரி, ஒன்பது மணிக்கு மேல் அப்பா போனார். கண்ணைக் கொடுத்துவிட வேண்டும் என்று பல வருஷமாகச் சொல்லிவைத்திருந்தார். அரவிந்த் கண் மருத்துவமனையை ஆரம்பித்த டாக்டர் வெங்கடசாமியும் 1940-களில் ராணுவ மருத்துவப் படையில் இருந்தவர், முடக்குவாதத்தால் வெளியே வந்தவர் என்பதில் அப்பாவுக்குத் தனிப் பெருமை. அண்ணா நகர் பக்கம் போகும்போதெல்லாம், "அவரும் நம்ம படைதான். கோணிப்போன விரலை வச்சுக்கிட்டு கத்தி பிடிக்கப் பழகி, 1976-ல பதினோரு படுக்கையோட ஆரம்பிச்சாரு" என்று அரவிந்த் மருத்துவமனையைக் காட்டுவார். எத்தனை முறை கேட்டோம் என்று கணக்கில்லை. அதனால் அந்த நேரத்தில் நாங்கள் யோசிக்கவே இல்லை, கண் வங்கிக்குப் போன் செய்தோம்.

ஆறு மணி நேரத்துக்குள் எடுக்கணும். அதுவரை மின்விசிறியை நிறுத்தி, இமையை மூடி, மேலே ஈரப்பஞ்சு வைத்து, தலையைக் கொஞ்சம் உயர்த்தி வைக்கச் சொன்னார்கள். அண்ணனுக்கும் எனக்கும் கை ஓடவில்லை. தம்பி, நீங்கள்தான் தலையணையைச் சரிசெய்தீர்கள். பஞ்சை நனைத்துப் பிழிந்து வைத்ததும் நீங்கள்தான், அந்த ஏழு நாளும் துண்டைப் பிழிந்த அதே பதமாக. கண் வங்கி ஊழியர்கள் வந்து அரைமணி நேரத்தில் முடித்துவிட்டார்கள். முகத்தில் ஒரு மாற்றமும் தெரியவில்லை. அவர்கள் போனதும் நீங்கள் என்னிடம், "இத யாரு வேணாலும் குடுக்கலாமாக்கா? கண்ணாடி போட்டவங்க?" என்று மெதுவாகக் கேட்டீர்கள். கொடுக்கலாம் தம்பி. கண்ணாடி போட்டவர்களும் சர்க்கரை உள்ளவர்களும் கொடுக்கலாம். அப்பாவுக்கு இரண்டும் இருந்தது.

நாலு நாள் கழித்துச் சான்றிதழ் வாங்க வந்தபோது உங்கள் கட்டிலில் வேறு ஒருவர் படுத்திருந்தார். முந்தின நாள்தான் வீட்டுக்கு அனுப்பினோம் என்று சிஸ்டர் சொன்னார். ஏழு நாள் உங்களைத் 'தம்பி, தம்பி' என்றே கூப்பிட்டுவிட்டு, பெயரைக் கேட்காமல் இருந்துவிட்டேன். ஆரப்பாளையத்தில் மூன்று சலூனில் ஏறி இறங்கினேன். இனியும் தேடுவேன்.

அப்பாவின் பெட்டியில் நீள நோட்டு ஒன்று இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் திண்ணையில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கெல்லாம் பிரஷர் பார்த்து எழுதிவைத்த நோட்டு. மாத்திரையை விட்டவர்கள் பெயருக்குக் கீழே சிவப்புக் கோடு. 'மக்களைத் தேடி மருத்துவம்' வேலைக்கு வருகிற அக்காவிடம் பேசிவிட்டேன். வருகிற ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவர் பார்ப்பார், நான் எழுதுவேன், சிவப்புக் கோடு போட்ட வீடுகளுக்கு நான் நடப்பேன். ஊசி கிடையாது, அப்பா இருந்தபோது எப்படியோ அப்படித்தான். திண்ணை அதே திண்ணை, எல்லோரும் வாருங்கள்.

தம்பி, லாக்கரைக் காலி செய்தபோது தாளில் மடித்த பாதி பிளேடு அங்கேயே இருந்தது. பன்னிரண்டாம் நாளுக்கு நீங்கள் எடுத்துவைத்தது. அதை அப்பாவின் சவரப் பெட்டியில் வைத்திருக்கிறேன். உங்கள் அப்பா இப்போது எப்படி இருக்கிறார்? எழுந்து உட்காருகிறாரா?