இறக்கத்தில் பிடிக்கச் சொல்லிக்கொடுத்துவிட்டு சாவியைக் கொடுங்கள்

லாரி முதலாளிமார்களுக்கும், ஆபீஸில் உட்கார்ந்து வண்டி பார்க்கும் மேனேஜர்களுக்கும் வணக்கம்.

தர்மபுரிக்கும் சேலத்துக்கும் நடுவே இருக்கும் தொப்பூர் கணவாயைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பெங்களூரிலிருந்து சேலத்துக்கு வரும் உங்கள் லோடுகள் அதில்தான் இறங்குகின்றன. 2024 ஜனவரியில் அங்கே பாலத்தில் நடந்த விபத்தின் கேமரா காட்சி உங்கள் போனுக்கும் வந்திருக்கும். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். ஆட்டோ கியர் வண்டியை, அதாவது கியரைத் தானே மாற்றிக்கொள்ளும் லாரியை, டிரைவர் கையில் கொடுக்கும் முன், இறக்கத்தில் அதை எப்படிப் பிடிப்பது என்று சொல்லிக்கொடுங்கள்.

நான் 22 வருஷமாக லாரி ஓட்டுகிறேன். போன மாதம் எனக்குப் புது பன்னிரண்டு வீல் வண்டி கொடுத்தார்கள். கிளட்ச் பெடலே கிடையாது. யார்டில் ஒரு தம்பி கால் மணி நேரம் வண்டியைக் காட்டினார். சீட்டை ஏற்றி இறக்கினார், ஏசியைப் போட்டார், பாட்டு வைத்தார். "ஸ்கூட்டி மாதிரிதாண்ணே, டி-யில போட்டுட்டு போய்க்கிட்டே இருங்க" என்றார். அவ்வளவுதான் பயிற்சி.

25 டன் லோடோடு தொப்பூர் இறங்கினேன். ஏறுகிற கியரிலேயே இறங்கு என்றுதான் என்னைப் பழக்கிய அண்ணன் சொல்லிக்கொடுத்தார். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் வண்டி அதே கியரில் நிற்கும், என்ஜின் இழுத்துப் பிடிக்கும் என்று நினைத்தேன். இறக்கத்தில் என்ஜின் சுற்று ஏறியதும் ஐந்திலிருந்து ஆறுக்குத் தானே மாறியது. அப்புறம் ஏழு. மாறும்போது ஒரு விநாடி வண்டியை எதுவுமே பிடிக்கவில்லை, சும்மா மிதந்தது. எக்ஸாஸ்ட் பிரேக்கை, அதாவது புகை போகும் வழியை அடைத்து என்ஜினாலேயே வண்டியைப் பிடிக்கும் பிரேக்கை, தேடி என் இடது கால் தரையைத் துழாவியது. பழைய வண்டியில் பட்டன் அங்கேதான் இருந்தது. இதில் ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒரு குச்சியாக இருக்கிறது என்று மறுநாள்தான் தெரிந்தது.

வேறு வழியில்லாமல் கால் பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தேன். பாதி இறக்கத்துக்குள் பிரேக் லைனர் தீய்ந்த வாடை கேபினுக்குள் வந்துவிட்டது. லைனர் உரசிப் பிடிக்கும் சக்கரத்து டிரம் சூடேறி விரிந்தால், லைனர் தீய்ந்து வழுக்கினால், எவ்வளவு மிதித்தாலும் பிடி கிடைக்காது. லீவரை மேனுவலுக்கு, அதாவது நாமே கியர் மாற்றும் நிலைக்கு, தள்ளி கியரைக் குறைக்கப் பார்த்தேன். வேகம் அதிகம் என்று வண்டி மறுத்துவிட்டது. மிச்சமிருந்த பிரேக்கை ஒரே அமுக்காக அமுக்கி வேகத்தைக் குறைத்தேன். அப்புறம்தான் மூன்றாம் கியர் விழுந்தது. கீழே வந்து ஓரம் கட்டியபோது முன் சக்கரத்திலிருந்து புகை. பக்கத்தில் நின்ற கிளீனர் பையன் தண்ணீர் ஊற்ற ஓடி வந்தான். சூட்டு டிரம்மில் ஊற்றினால் விரிசல் விட்டுவிடும் என்று கத்தித் தடுத்தேன்.

ஆட்டோ கியர் கெட்டது என்று நான் சொல்லவில்லை. உள்ளே இருப்பது அதே கியர் பாக்ஸ், அதே கிளட்ச் பிளேட்தான். நம் காலுக்குப் பதில் கம்ப்யூட்டர் மிதிக்கிறது. ஏற்றத்தில் முழங்கால் தப்பித்தது, அதற்கு நன்றி. ஆனால் எதிரே இருப்பது கணவாய் என்று அதற்குத் தெரியாது. இறங்கும் முன்பே மேனுவலுக்கு மாற்றி, சின்ன கியரில் நிறுத்தி, எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போட்டுக்கொள்ள வேண்டியது டிரைவர்தான். அதை ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே ஒரு முறை காட்டியிருந்தால் போதும்.

வீடு திரும்பியபோது ஆபீஸிலிருந்து மெசேஜ் வந்திருந்தது. மைலேஜ் குறைவாம், டிரிப் படியில் (பேட்டாவில்) 900 ரூபாய் பிடித்தமாம். போன் போட்டுக் கேட்டால், "இறக்கத்துல நியூட்ரல்ல விட்டிருக்கலாமே" என்கிறார் மேனேஜர். ஐயா, புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வரும் இப்போதைய பிஎஸ் 6 என்ஜினில் கியரில் போட்டுக் காலை எடுத்தால் டீசல் அடிப்பதே நின்றுவிடும். நியூட்ரலில் போட்டால்தான் என்ஜின் அணையாமல் இருக்கக் குடித்துக்கொண்டே வரும். உயிரையும் பணயம் வைத்து, டீசலையும் வீணாக்கச் சொல்லும் யோசனைக்கு ஆபீஸில் சம்பளம் வேறு. டிரைவர் எங்கே டீ குடித்தான், எத்தனை நிமிஷம் நின்றான் என்று ஜிபிஎஸ்ஸில் பார்க்கிறீர்கள். அவன் எந்தக் கியரில் மலை இறங்கினான் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. 2025 அக்டோபரிலிருந்து தயாராகும் லாரி கேபினுக்கெல்லாம் ஏசி கட்டாயம் என்று அரசு சொல்லிவிட்டது, சந்தோஷம். வியர்க்காமல் உருண்டு போகலாம்.

கோபத்தில் கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டேன், மன்னியுங்கள். கேட்க வந்தது சின்ன விஷயம். புது வண்டிக்கு டிரைவர் மாறும்போது அரை நாள் ஒதுக்குங்கள். லோடோடு ஒரு இறக்கம், பக்கத்தில் தெரிந்த ஆள் ஒருவர். வண்டி விற்ற கம்பெனியிடம் கேளுங்கள், சொல்லிக்கொடுக்க ஆள் அனுப்புவார்கள். நாமக்கல்லிலேயே அசோக் லேலண்டின் ஓட்டுநர் பயிற்சி நிலையம் இருக்கிறது. அப்படியே, கணவாயில் கியரில் இறங்கியவனிடம் மைலேஜ் கணக்கு கேட்டுப் படியைப் பிடிக்காதீர்கள்.

அந்த 900 ரூபாய் எனக்குத் திரும்ப வராவிட்டாலும் பரவாயில்லை. வரும் திங்கட்கிழமை, இதே மாதிரி வண்டி ஒன்றை இதுவரை ஆட்டோ கியரே தொடாத ஒரு தம்பிக்குக் கொடுக்கப் போகிறீர்களாம். பெங்களூர் லோடு. சாவியைக் கொடுக்கும் முன் என்னைக் கூப்பிட்டால்கூடப் போதும், நானே கூட வந்து இறக்கிக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வண்டி ஓட்டும் டிரைவர் ஒருவன்