மருந்து யன்னலில் இல்லாமல் போன குளிசை

கொழும்பில் குடல் நோய் கிளினிக்குகளை நடத்தும் வைத்தியர்களுக்கும் மருந்தகப் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம். என் தம்பிக்குப் பெருங்குடலில் புண் வரும் அல்சரேடிவ் கொலைடிஸ் வந்து ஒன்பது வருடம். வெள்ளவத்தையில் இருக்கிறோம். கிளினிக் என்றால் முதல் நாள் மத்தியானத்திலிருந்தே அவன் சாப்பிடமாட்டான். 100ஆம் இலக்க பஸ்ஸில் வயிறு கலக்கினால் இறங்க, பம்பலப்பிட்டியில் ஒரு சாப்பாட்டுக் கடை, கொள்ளுப்பிட்டியில் ஒரு பள்ளிவாசல் என்று மனப்பாடமாக வைத்திருக்கிறான்.

போன தை மாதம் மருந்து யன்னலில், குடல் புண்ணை அடக்கி வைக்கும் மெசலசீன் குளிசை இல்லை. துண்டில் 'வெளியில் வாங்கவும்' என்று எழுதித் தந்தார்கள். வாங்கினோம். ஆனால் கைக்காசு போதாமல், ஒரு நாளைக்குப் போட வேண்டிய மூன்று குளிசையை அவன் ஒன்றாக்கிவிட்டான். இரத்தம் போகாத நாளில் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஏழாவது கிழமை இரத்தமும் சளியுமாகப் போகத் தொடங்கியது. அடுத்த கிளினிக் திகதிக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது.

அப்புறம் பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொயிட், ஒரு நாளைக்கு 40 மில்லிகிராமில் தொடங்கிக் கிழமைக்கு 5 மில்லிகிராம் வீதம் குறைத்தார்கள். முகம் ஊதியது, நித்திரை போனது. ஸ்டீரொயிட் பொங்கிய நோயை அடக்கும், திரும்ப வராமல் காக்காது. சுகமாக இருக்கும் நாளிலும் விடாமல் போடும் மெசலசீன்தான் அவனைக் காப்பாற்றி வந்தது. உங்களுக்குத் தெரியாததல்ல. அதனால்தான் கேட்கிறேன்: இருப்புக் குறையும்போதே எங்களுக்குச் சொல்லுங்கள், இருப்பதைப் பகிர்ந்து கொடுங்கள், அதே வகையைச் சேர்ந்த சல்பசலசீன் ஒத்துவருபவர்களுக்கு அதையாவது தாருங்கள். இடையில் இரத்தம் கண்டவரைத் திகதி பார்க்காமல் உள்ளே எடுங்கள்.

இன்னொன்று எனிமா, மலவாசல் வழியாக உள்ளே செலுத்தும் மருந்து. நோய் மலக்குடலிலும் பெருங்குடலின் இடப்பக்கத்திலும் இருப்பவர்களுக்குக் குளிசையோடு அதையும் சேர்த்தால் பலன் கூட. தம்பிக்கு எழுதிக் கொடுத்தார்கள், எப்படி வைப்பதென்று ஒருவரும் சொல்லவில்லை. வெட்கத்தில் அவனும் கேட்கவில்லை. பெட்டி அலுமாரியிலேயே கிடந்தது. படுக்கப் போகும் முன் இடப்பக்கம் சரிந்து படுத்து வைக்க வேண்டும் என்று ஒரு தாதி ஐந்து நிமிடம் தமிழில் சொல்லியிருந்தால் போதும்.

கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் இதையும் தமிழில் எழுதுங்கள்: ஒரு நாளில் ஆறு தடவையோ அதற்கு மேலோ இரத்தத்தோடு போய், காய்ச்சலோ நிமிடத்துக்கு 90க்கு மேல் நாடித்துடிப்போ இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும்.

கழிவறைக்குப் போனவரின் நம்பரைத் தாண்டிவிடாதீர்கள். தம்பி திரும்பி வந்தபோது அவனுடைய 34 போய் 41ஐக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மறுபடி கடைசியில் போய் நின்றான்.

இப்படிக்கு,
வெள்ளவத்தையிலிருந்து ஓர் அக்கா